மைனருக்குப் பிரேக்

"மைனர்" என்றதும் நம் வாசகிகளுக்கு ஓர் உருவம் கண்முன் வந்து நிற்கும். சில்க் ஜிப்பா, மெல்லிய தங்கச் சங்கிலி, விரலுக்கு ஒரு மோதிரம், அப்பா வைத்துவிட்டுப் போன சொத்து. தொடர்கதைகளில் வருகிற மைனர்கள் எல்லோருக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. அவர்களுக்குப் பிரேக் கிடையாது. அதனால்தான் கதை நாற்பது வாரம் ஓடுகிறது.

குன்னூரில் என் அத்தை வீட்டில் இருக்கும் மைனர் அந்த ஜாதி அல்ல, பரம சாது. 1954-ஆம் வருஷத்து மோரிஸ் மைனர் கார். எஞ்சின் 803 சி.சி. குதிரை சக்தி முப்பதே முப்பது. மாமா உயிரோடு இருந்தபோது வெள்ளிக்கிழமை தோறும் அதற்குக் குளியல் நடக்கும். அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பள்ளிக்கூட டீச்சராக இருந்து ரிடையரான அத்தை, எழுபத்தொரு வயதில் அதைத் தானே ஓட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் போய் வருகிறாள். "உங்க மாமா எனக்கு நகை வாங்கித் தரலை, டிரைவிங் சொல்லித் தந்தார்" என்பது அத்தை அடிக்கடி சொல்லும் வாக்கியம். நகை வாங்கித் தராத குறையும் அதில் கொஞ்சம் தொனிக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் நானும் என் பெண்ணும் குன்னூர் போயிருந்தோம். திரும்பும்போது, "பஸ்ஸிலே ஏன் கசங்கணும் கண்ணு? மேட்டுப்பாளையம் வரைக்கும் நானே கொண்டு விடறேன்" என்று அத்தை கிளம்பிவிட்டாள். பாதி மலை இறங்குகிற வரையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பர்லியார் வந்தபோது ஏதோ தீய்ந்த வாசனை. அடுப்பில் துணி விழுந்தால் வருமே, அந்த மாதிரி. முன்னால் போகிற லாரியின் வாசனை என்று இருவருமே நினைத்துக்கொண்டோம். லாரி போய்விட்டது, வாசனை போகவில்லை.

பர்லியாரைத் தாண்டி இரண்டாவது வளைவில் அத்தை பிரேக்கை மிதித்தாள். பெடல் மெத்தையில் கால் வைத்தது போல் அமுங்கித் தரை வரை போயிற்று. கார் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. இரண்டாம் முறை மிதித்தாள். மூன்றாம் முறையும் மிதித்தாள். "அத்தை!" என்றேன். அதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அத்தை பதில் சொல்லாமல், பல்லைக் கடித்துக்கொண்டு, எஞ்சின் அலற அலற இரண்டாவது கியரைத் தேடிப் பிடித்துப் போட்டாள். பிறகு ஹாண்ட் பிரேக்கைப் பல் பல்லாக இழுத்தாள். காரை மலைப் பக்கமாக ஒடித்து மழைத் தண்ணீர் ஓடும் சாக்கடையில் ஒரு சக்கரத்தை இறக்கினாள். மண் சரிவில் உரசிக்கொண்டு மைனர் நின்றது. பின் ஸீட்டிலிருந்து என் பெண், "வந்தாச்சா?" என்று கேட்டாள். தூங்கிக்கொண்டிருந்தாளாம்!

தொடர்கதையானால் அந்த வளைவிலேயே "அடுத்த இதழில்" என்று போட்டுவிட்டு நிம்மதியாகக் காப்பி சாப்பிடப் போகலாம். நாங்கள் சாலையோரத்தில் முக்கால் மணி நேரம் மழையில் நின்றோம். அரை மணிக்கு மேல் ஆகி, வாசனையெல்லாம் அடங்கியபின் அத்தை பெடலை மிதித்துப் பார்த்தாள். பிரேக் ஒன்றுமே நடக்காதது போல் நன்றாகப் பிடித்தது. எனக்கு அதைவிடப் பயமான விஷயம் வேறு இல்லை.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதைக் கோயம்புத்தூரில் பழைய கார்களையே வைத்தியம் பார்க்கும் ஒரு மெக்கானிக் பாய்தான் எனக்குப் புரிய வைத்தார். மைனரின் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை டிரம் பிரேக்குகள். சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புச் சட்டி ஒன்று. அதற்குள்ளே பிறை போன்ற இரண்டு ஷூக்கள். பெடலை மிதித்தால் குழாயில் இருக்கும் பிரேக் ஆயில் அழுத்தி, ஷூக்கள் விரிந்து சட்டியின் உட்புறத்தை உரசும், கார் நிற்கும். அத்தையின் காரில் அந்தச் சட்டியின் குறுக்களவு 7 அங்குலம்தான். நம் வீட்டுச் சின்ன வாணலி.

வண்டியின் வேகத்தைப் பிரேக் எங்கேயும் கரைத்து விடுவதில்லை. சூடாக மாற்றி வைக்கிறது. குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,500 மீட்டர். நாங்கள் மூவரும் மைனரும் சேர்ந்து ஏறக்குறைய 930 கிலோ. நான் காலேஜில் படித்த பௌதிகத்தைத் தூசு தட்டிக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அத்தனை சூட்டையும் ஒன்று திரட்டினால் 40 லிட்டர் பச்சைத் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்துவிடலாம்! கல்யாண வீட்டு வெந்நீர் அண்டா அளவு. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். கீழ் கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும் பங்கை ஏற்றுக்கொள்ளும். மீதிதான் பிரேக்குக்கு.

"எந்தக் கியரிலே இறங்கினீங்க டீச்சரம்மா?" என்று பாய் கேட்டார்.

அத்தை ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிறகு மெதுவாக, "பர்லியாருக்கு முன்னாலேருந்தே நியூட்ரல்" என்றாள்.

மாமாவின் பழக்கம் அது. இறக்கத்தில் நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம்! சில சமயம் எஞ்சினையே அணைத்துவிட்டு, காற்றுச் சத்தம் மட்டும் கேட்கக் கீழே வருவாராம். நாற்பது வருஷம் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் அது நியாயம் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு எஞ்சின் தன் பங்கை வாங்கிக்கொள்ளவில்லை. எல்லாச் சூடும் நாலு வாணலிகளில் விழுந்தது. சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும். லைனிங் பிடிப்பை இழக்கும். இது ஒரு பக்கம்.

இன்னொரு பக்கம், குழாயில் இருந்த ஆயில். பிரேக் ஆயிலுக்கு நம் வீட்டு உப்பின் சுபாவம். காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 என்ற ரகம் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறைந்து கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் சேர்ந்து பழசானால் அதே விதி 140 டிகிரியோடு திருப்திப்பட்டுக்கொள்கிறது. கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. ஆயிலை அழுத்தினால் பிரேக் பிடிக்கும்; ஆவியை அழுத்தினால் ஆவிதான் அமுங்கும். ஆறியதும் ஆவி மறுபடி ஆயிலாகிவிடும். அதனால்தான் அரை மணி கழித்து அத்தனை யோக்கியமாகப் பிடித்தது. மைனரின் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று பாய் கேட்டார். மாமா இருந்தபோது என்று அத்தை கணக்குச் சொன்னாள். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டுமாம்!

எங்களைக் காப்பாற்றியது ஹாண்ட் பிரேக். அது ஆயிலை நம்பாமல் கம்பி வடத்தால் பின் சக்கரங்களை இழுக்கிறது.

இங்கிலாந்தில் பர்மிங்காமில் இருக்கும் அத்தான் விஷயம் கேட்டதும் போனில் கத்தினார்: "அம்மா, அந்த வண்டியை வித்துடு!" அத்தை, "உன்னை வேணா வித்துடறேன்" என்று போனை வைத்துவிட்டாள். இரண்டு நாள் கழித்து அத்தானே இறங்கி வந்தார். அவருக்கும் அந்தக் காரில் பள்ளிக்கூடம் போன ஞாபகம் இருக்கிறதே! விசாரித்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, மைனருக்கு மரீனாவோட பிரேக் பொருந்துமாம்."

1948-ல் பிறந்த மைனருக்கு 1971-ல் வந்த மோரிஸ் மரீனாவின் உறுப்பு எப்படிப் பொருந்தும்? அங்கேதான் ஒரு குடும்பக் கதை இருக்கிறது. மைனரைப் படைத்தவர் அலெக் இஸ்ஸிகோனிஸ். பின்னாளில் மினி காரையும் படைத்த அதே மனிதர். மாதிரிக் கார் தயாரான பிறகு, "இது ஒடுக்கமாக இருக்கிறது" என்று அதை நடுவில் நெடுக்காக இரண்டாக அறுத்து, 4 அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்து, "இப்போது சரி" என்றாராம். மைனரின் மூடிக்கு நடுவே தையல் பிரித்து விட்டது போல் ஒரு பட்டை ஓடுவது அந்த 4 அங்குலத்தின் சாட்சி. கம்பெனி முதலாளி நஃபீல்டு பிரபுவுக்கு இந்தக் கார் பிடிக்கவேயில்லை. உடைத்து ஊற்றி வேக வைத்த முட்டை மாதிரி இருக்கிறது என்றார். அந்த முட்டை 16 லட்சம் விற்றது. பத்து லட்சம் தாண்டியதைக் கொண்டாட, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு தொகுதி செய்து விட்டார்கள். நம் நாட்டிலும் 1950-களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் மைனரை விற்றது.

பிற்பாடு மரீனாவை அவசரம் அவசரமாகத் தயாரிக்க வேண்டி வந்தபோது, முன் சக்கரங்களைத் தாங்கும் அமைப்பைப் புதிதாகச் செய்யாமல் மைனரிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். ஆகவே பேத்தியின் வளையல் பாட்டியின் கைக்கு ஏறுகிறது. மணிக்கட்டு ஒன்றாயிற்றே! மரீனாவில் டிஸ்க் பிரேக் வைத்த வண்டிகள் உண்டு. அந்த டிஸ்க், சக்கரம் மாட்டும் தூணோடு சேர்ந்து மைனரில் வந்து உட்காருகிறது.

டிஸ்க் பிரேக்கை விளக்குவது சுலபம். சக்கரத்தோடு சுற்றுகிற ஒரு இரும்புத் தட்டு. காலிப்பர் என்ற இடுக்கி அதை இரண்டு பக்கமும் பேட்களால் பிடிக்கும். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இடுக்கியால் பிடிக்கிறோமே, அதுபோலத்தான். சட்டிக்குள் சூடு அடைபட்டுக் கிடக்கும். தட்டு வெளியில் காற்றில் சுற்றுவதால் ஆறிக்கொண்டே வரும். மழைத் தண்ணீர் பட்டாலும் உதறி விடும்.

இன்னொரு வழியும் இருந்தது. 1962-க்குப் பிறகு வந்த மைனர்களுக்கு முன் டிரம் 8 அங்குலமாயிற்று, அதை மாட்டலாம். சமவெளியில் இருப்பவர்களுக்கு அதுவே போதும் என்பது பாயின் அபிப்பிராயம். "ஆனா டீச்சரம்மா மலை மேலே இருக்காங்க. பெரிய வாணலியும் வாணலிதான்" என்றார்.

ஒரு யோசனையும் வேண்டியிருந்தது. பழைய கார்களைச் சேகரிக்கும் அன்பர்கள், "ஆணி கூட அசல் ஆணியாக இருக்க வேண்டும்" என்பார்கள். 2021-ல் வந்த மத்திய அரசின் விதிப்படி, ஐம்பது வயது தாண்டிய வண்டியை 'விண்டேஜ்' என்று பதிவு செய்துகொள்ளலாம். அசல் உருவம் மாறியிருக்கக் கூடாது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி உபயோகத்துக்கு ஓட்டவும் கூடாது. அத்தை கேட்டாள்: "அப்ப நான் காய்கறி வாங்க எதிலே போறது?" பிரச்னை அதோடு தீர்ந்தது. கழற்றிய பழைய உறுப்புகளை ஒன்று விடாமல் எண்ணெய் தடவிப் பழைய துணியில் சுற்றி மரப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறாள். என்றைக்காவது பேரன் அசலுக்குத் திரும்ப ஆசைப்பட்டால் திரும்பலாம்.

அத்தான் கப்பலில் அனுப்பிய பெட்டி வந்தது. டிஸ்க்குகளை மாட்ட ஒரு நாள்தான் ஆயிற்று. அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆயிற்று. ஏன் என்று நான் கேட்டதற்குப் பாய் சொன்னார்: "புது மருமகள் ஒருத்தி வீட்டுக்கு வந்தா, அவ மட்டும் வந்ததா அர்த்தமில்லேம்மா. சமையல்கட்டு, தண்ணி பிடிக்கிற நேரம், எல்லாம் மாறணும்."

எப்படி மாற வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பளபளவென்று டிஸ்க் மாட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுகிறவர்கள் அநேகம் பேர். டிரம் பிரேக்குக்குக் குழாயில் எப்போதும் சுமார் 10 பவுண்டு அழுத்தம் தேங்கி நிற்க ஒரு வால்வு இருக்கும். அதை அப்படியே விட்டால் டிஸ்க்கின் பேட்கள் காலை எடுத்த பிறகும் தட்டை விடாமல் உரசி, சும்மாவே சூடேறும். அடியோடு எடுத்துவிடவும் முடியாது. மைனரின் மாஸ்டர் சிலிண்டர் டிரைவரின் காலுக்கு அடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. காலிப்பர் அதைவிட மேலே இருப்பதால் ஆயில் பின்வாங்கிவிடும். ஆகவே முன்பக்கத்துக்கு 2 பவுண்டு வால்வு. பின் டிரம்களுக்குப் பழையபடி 10.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். பழையதில் நாலு சக்கரத்துக்கும் ஒரே வழி; ஓர் இடத்தில் கசிந்தால் நாலும் போயிற்று. முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரட்டை வழி சிலிண்டர் போட்டார்கள். அமெரிக்காவில் புதுக் கார்களுக்கு 1968-லேயே கட்டாயமாக்கிய சங்கதி இது. பின் சக்கரங்களில் டிரம்மையே விட்டுவிட்டார்கள். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் கனம் முன்னால் சாய்கிறது; பின் பிரேக் மிஞ்சினால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழன்றுவிடும். அத்தோடு, எங்களைக் காப்பாற்றிய அந்தக் கம்பி வடம் அங்கேதானே இருக்கிறது!

பழைய ஷூக்களைக் கழற்றும்போது பாய் தூசியைக் காற்றடித்து ஊதவில்லை. ஈரத் துணியால் துடைத்தார். அந்தக் காலத்து லைனிங்குகளில் அஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும், மூச்சில் போனால் நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் இந்த வேலை செய்கிற ஆண்பிள்ளைகள் இருந்தால் இதை மட்டும் கத்தரித்து ஒட்டி வையுங்கள்.

கடைசியில் சர்வோ. டிரம்மில் சுற்றும் வேகமே ஷூவை இன்னும் இழுத்து அழுத்தும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை, காலை ஓங்கி மிதிக்க வேண்டும். அத்தையின் முழங்கால் அதற்குச் சம்மதிக்காது. எஞ்சின் உறிஞ்சும் காற்றின் பலத்தைக் கொண்டு காலுக்குத் துணை செய்யும் டப்பாதான் சர்வோ. இதை மாட்டி முடித்ததும் பாய் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு அத்தைக்கு எதிரே வந்து நின்றார்.

"டீச்சரம்மா, ஒரு விஷயம். இனிமே எஞ்சினை அணைச்சுட்டு இறக்கினீங்கன்னா, இரண்டு மிதி, மூணு மிதிதான் உதவி இருக்கும். அப்புறம் பெடல் கல்லு மாதிரி ஆயிடும். புது பிரேக்கு பழைய பிரேக்கைவிட மோசமாயிடும். நியூட்ரலும் வேண்டாம். சத்தியம் பண்ணுங்க."

முப்பத்து மூன்று வருஷம் பிள்ளைகளைச் சத்தியம் பண்ண வைத்த அத்தை, அன்றைக்குத் தான் சத்தியம் பண்ணினாள்.

குழாயிலிருந்து காற்றை எடுக்கும் வேலையில் எனக்கும் பங்கு கிடைத்தது. பாய் சக்கரத்தடியில் படுத்துக்கொண்டு, "மிதிங்க... பிடிங்க... விடுங்க" என்பார், நான் பெடலில். தூரத்துச் சக்கரத்தில் ஆரம்பித்துக் கிட்டத்துச் சக்கரத்தில் முடிக்க வேண்டும். முதலில் சோடா நுரை மாதிரி வந்தது, பிறகு தெளிந்த எண்ணெய். கால் ஆடுசதை மூன்று நாள் வலித்தது. எவ்வளவு செலவாயிற்று என்று கேட்பீர்கள். ஒரு பட்டுப் புடவைக் கணக்கில் ஆரம்பித்து மூன்று பட்டுப் புடவையில் முடிந்தது என்றாள் அத்தை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை விவரமாக எழுதிப் போட்டதோடு சரி. சமவெளியில் முப்பது தடவை மெதுவாகப் பிடித்துப் பிடித்து விட்டுப் பேட்களைப் பழக்கிய பிறகுதான் பாய் சாவியைக் கொடுத்தார்.

போன வருஷம் மங்குஸ்தான் வந்துவிட்ட சமயத்தில் மறுபடியும் அத்தை எங்களை மேட்டுப்பாளையத்துக்குக் கொண்டு விட்டாள். நான் வராமல் இருக்கலாமா என்று யோசித்தது உண்மை. என் பெண்ணைப் பஸ்ஸில் அனுப்பலாமா என்று கூட யோசித்தேன். அத்தை என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை; டிக்கியில் எங்கள் பெட்டியை வைத்தாள்.

இரண்டாவது கியர். எஞ்சின் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. வளைவுக்கு முன்னால் ஒரு பிடி, பிறகு விடுதலை. காலை ஊன்றி வைத்துக்கொண்டே வருவது இல்லை. பர்லியாரில் நிறுத்தி மங்குஸ்தான் வாங்கினோம். அத்தை குனிந்து முன் சக்கரத்தருகே உள்ளங்கையைக் காட்டினாள், தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பது போல. நான் மூக்கை நீட்டி மோந்து பார்த்தேன். பழக் கடையின் வாசனை மட்டும்தான் இருந்தது.

பர்லியார் தாண்டி அந்த இரண்டாவது வளைவு வந்தது. சாக்கடையில் இப்போது புல் முளைத்திருக்கிறது. அதற்கும் கீழே, பாக்குத் தோப்பு கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும் இடம். மாமா வழக்கமாக நியூட்ரலுக்குத் தள்ளுகிற இடமாம். அத்தையின் இடது கை தானாகவே கியர் மேல் போயிற்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கை அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஸ்டியரிங்குக்குத் திரும்பி வந்தது.

"அரை லிட்டர் பெட்ரோல் போனா போகட்டும் கண்ணு" என்றாள் அத்தை. "உங்க மாமா கணக்கிலே எழுதிக்கலாம்."